தொலைக்காட்சிக்காரரின் கட்டில்

பாரிஸ்,
6 ஒக்டோபர் 1985, ஞாயிறு

அன்புள்ள லூசியன் அண்ணைக்கு,

தூலூஸ் வீடு பிடித்திருக்கிறதா? செசில் அக்காவின் முழங்கால் வலி எப்படி? நீங்கள் மாற்றலாகிப் போனபின் ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஒரு காலை மாதிரியே இல்லை. பாரிஸ் ஓரத்து ஸ்தேனில் உங்கள் வீட்டு வரவேற்பறையில் கோப்பியோடு இருந்து மரவேலை நிகழ்ச்சி பார்த்தவன், இப்போது ரூ பெர்தொனே தெருவில் மகாலிங்கம் அண்ணையின் கடையில் வெங்காய மூட்டையில் குந்தியிருந்து பார்க்கிறேன். தொலைக்காட்சி குளிர்சாதனப் பெட்டியின் மேல் நிற்கிறது. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து நோகிறது.

நீங்கள் போனபின் நிகழ்ச்சியில் வந்தவற்றைச் சொல்கிறேன். சப்பாத்து அடுக்கு: நல்ல வேலை, குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூலை மேசை: கால்களை அவ்வளவு சாய்த்திருக்கக் கூடாது. நடப்பவன் காலில்தான் முதலில் இடிக்கும். புத்தக அலமாரி: மெல்லிய பலகை, நடுவில் தாங்கல் இல்லை. ஆறு மாதத்தில் அது தொட்டில் மாதிரித் தொய்யும். நிகழ்ச்சி நடத்தும் மெசியே லமோத் பெரிய தொழில்காரர்தான், ஆனால் புத்தகம் அடுக்கிப் பார்க்காமல் அலமாரி செய்திருக்கிறார்.

இன்றைக்குக் காட்டியதுதான் என்னை எழுத வைத்தது. பிள்ளைகளுக்கான இரட்டைத் தட்டுக் கட்டில். மேல்தட்டின் நீளச் சட்டத்தைக் காலோடு எதனால் பிடித்திருக்கிறார் என்று கவனித்தீர்களா? இரண்டு மர ஆணியும் பசையும்! காலில் வெட்டிய பொளித் துளை இல்லை, அதற்குள் போகும் நாக்கு இல்லை. அந்த இரண்டு ஆணியையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, காலின் ஒரே நார் வழியில் இறக்கியிருக்கிறார். பிள்ளையின் பாரம் முழுவதும் அந்த இரண்டு குச்சியில். கால் நீளவாக்கில் பிளக்கும் என்று என் மனம் சொல்கிறது.

நான் சொல்வது பிழை என்றால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஸ்ரீஸ்கந்தராசா


தூலூஸ்,
11 அக்டோபர் 1985

தம்பி ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு,

உன் கடுதாசி வந்தது. செசிலுக்கு முழங்கால் தேவலாம். வீடு பெரியது, லிசே உயர்நிலைப் பள்ளியின் பட்டறைக்கு நடந்தே போய்விடுகிறேன்.

அலமாரி விஷயத்தில் நீ சொல்வது சரி. மூலை மேசையில் சரியில்லை. கால் சாய்ந்தால்தான் அந்த மேசைக்கு அழகு. இடிக்கிறவன் பார்த்து நடக்கட்டும்.

கட்டிலைப் பற்றி நீ எழுதியதைப் படித்து எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். நிகழ்ச்சிக்கு முன்பே அதன் வரைபடத்தைத் தபாலில் வாங்கிவிட்டேன். எங்கள் தேவாலயப் பங்குக்கு மலையடிவாரத்தில் பிள்ளைகள் விடுமுறை இல்லம் ஒன்று இருக்கிறது. பிப்ரவரி விடுமுறைக்குப் பதினாறு பிள்ளைகள் வருகிறார்கள். எட்டுக் கட்டில் செய்து தருவதாகப் பங்குத் தந்தையிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மரம் அறுத்தாகிவிட்டது. இரண்டு கட்டில் நின்றுகொண்டிருக்கிறது.

லமோத் முப்பது வருடம் பட்டறை வைத்திருப்பவர். படப்பிடிப்பில் இரண்டு பெரிய ஆட்கள் மேல்தட்டில் படுத்தே காட்டினார்கள், ஒரு முனகல்கூட இல்லை. நான் இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டு லிசேகளில் மரவேலை பார்க்கிறேன். நீ மரத்தைத் தொட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. தட்டு கழுவுகிற கைக்கு மரத்தின் பலம் மறந்து போவது இயற்கைதான். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

லூசியன்


பாரிஸ்,
15 ஒக்டோபர் 1985

லூசியன் அண்ணைக்கு,

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பதினாறு வருடம் இந்தக் கைகளால் மரவேலை செய்து சாப்பிட்டேன். இங்கே உணவகத்தின் பின்கட்டில் தட்டுக் கழுவுகிறேன் என்றால், வேறு ஒருவரும் வேலை தரவில்லை என்பதால்தான். உங்களுக்கே அது தெரியும். என் அகதி விண்ணப்பத்தோடு பிரெபெக்தூர் அலுவலக வரிசையில் எனக்காக நின்று பிரெஞ்சு பேசிய தமிழர் நீங்கள். பட்டறை பட்டறையாக என்னைக் கூட்டிக்கொண்டு போனவரும் நீங்கள். அந்த மனிதர் இப்படி எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முறியுமா முறியாதா என்று இனிக் கடிதத்தில் பேசமாட்டேன். அதே வரைபடத்தை வாங்கி நானே செய்து பார்க்கப் போகிறேன். அதுவரைக்கும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கட்டில்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா


பாரிஸ்,
11 நவம்பர் 1985

லூசியன் அண்ணைக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. நானும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இன்று விடுமுறை. நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மகாலிங்கம் அண்ணை கடையின் நிலவறையில் எனக்கு ஒரு மூலை ஒதுக்கித் தந்தார். வரைபடத்தில் உள்ள அதே பைன் மரம், அதே அளவு, அதே ஆணி, அதே பசை. ஒன்றையும் நான் மாற்றவில்லை. வேண்டுமென்று கெடுத்துச் செய்தான் என்று நீங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக, பசையை இரண்டு நாள் கூடுதலாகவே காயவிட்டேன்.

போன ஞாயிறு சோதனை. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டார்கள். மேல்தட்டில் ஐந்து அரிசி மூட்டைகளை ஏற்றினோம். ஒரு மணித்தியாலம் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவதையும் ஏற்றினோம். கட்டில் அசையவில்லை.

"என்ன சிறி, தொலைக்காட்சிக்காரனே வெண்டிட்டான் போல கிடக்கு" என்று மகாலிங்கம் அண்ணை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. உங்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டிய வசனங்களைக்கூட மனதில் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போது மகாலிங்கம் அண்ணையின் மனைவி கௌரி அக்கா படியில் நின்றபடி கேட்டார்:

"உங்கள் ஒருத்தருக்கும் பிள்ளையளைத் தெரியாதோ? அதுகள் அரிசி மூட்டை மாதிரிச் சும்மா கிடக்குங்களே? மேலை ஏறி நிண்டெல்லோ துள்ளுவினம்!"

அண்ணை, மரத்தைப் பற்றிப் பதினாறு வருடம் யோசித்தவனுக்கு இது தோன்றவில்லை. மூட்டைகளை இறக்கிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். இரண்டு பேர் அதை இடுப்பளவுக்குத் தூக்கித் தட்டின் மேல் போட்டார்கள். திரும்பத் தூக்கிப் போட்டார்கள். கௌரி அக்கா எண்ணிக்கொண்டு நின்றார். இருபதில் ஒரு சின்னச் சத்தம். இருபத்தேழில் சட்டம் ஒரு விரலளவு விலகியது. முப்பத்தொன்றில் இடதுபக்கக் கால் மேலிருந்து முழங்கால் உயரம்வரை கரும்பு மாதிரிப் பிளந்தது. தட்டு ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது.

கீழ்த்தட்டில் ஒரு பிள்ளை படுத்திருந்தால் என்று நினைத்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிளந்த காலை அறுத்து ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஆணித் துளைகளைப் பாருங்கள். நான் சொல்வதைக் கேட்க வேண்டாம், மரத்தைப் பாருங்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா


தூலூஸ்,
18 நவம்பர் 1985

தம்பி ராசா,

பார்சல் சனிக்கிழமை வந்தது. அந்தக் காலைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செசில் தட்டுகளை வேறு இடத்தில் வைத்தாள்.

பிறகு பட்டறைக்குப் போனேன். அங்கே நான் செய்து முடித்த கட்டில்கள் நான்கு. ஒன்றின் மேல்தட்டில் ஏறி நானே குதித்தேன். என் எடை எண்பத்திரண்டு கிலோ. சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த செசில் கதவருகிலேயே நின்றுவிட்டாள். "ஏங்க, உங்களுக்குப் பைத்தியமா? ஐம்பத்திரண்டு வயசுல கட்டில் மேல குதிக்கிறீங்களே!" என்று கத்தினாள். ஒன்பதாவது தடவை கால் பிளந்தது. நான் விழுந்த சத்தத்தில் அவளுடைய முழங்கால் வலி எங்கே போனதோ, ஓடி வந்து தூக்கினாள். இடுப்பில் ஒரு நீலம், வேறொன்றும் இல்லை.

நீ சொன்னது சரி, தம்பி. நான் எழுதியது தப்பு. கட்டிலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கையைப் பற்றி எழுதினேனே, அதைச் சொல்கிறேன். மன்னித்துக்கொள்.

இப்போது வேலைக்கு வருவோம். எட்டுக் கட்டிலுக்கும் நான் பொளி வெட்டி நாக்கு இறக்கி முடித்துவிடுவேன். ஆனால் அதோடு முடியாது. இந்த வரைபடம் நாடு முழுவதும் போயிருக்கிறது. அதை வாங்கினவன் யார்? ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரம்பம் பிடிக்கிற தபால்காரன், பேருந்து ஓட்டுகிறவன். அவனிடம் ஒரு ரம்பமும் ஒரு துளைக்கருவியும்தான் இருக்கும். அவனைப் பொளி வெட்டச் சொன்னால் வெட்டமாட்டான், பழையபடி ஆணியே அடிப்பான். அதனால்தான் லமோத் ஆணிக்குப் போயிருக்கிறார், அதை மட்டும் அவருக்காகச் சொல்வேன்.

உளி இல்லாதவன் செய்யக்கூடிய ஒரு மூட்டு வேண்டும். நான் இரண்டு நாளாக யோசிக்கிறேன், வரவில்லை. நீ யோசி. தொலைக்காட்சிக்குப் பிரெஞ்சில் நான் எழுதுகிறேன்.

உன்,
லூசியன்


பாரிஸ்,
28 நவம்பர் 1985

அன்புள்ள அண்ணை,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம். இடுப்புக்கு எண்ணெய் பூசுங்கள்.

மூட்டு கிடைத்துவிட்டது!

போன வியாழன் மத்தியானம் உணவகத்தில் கழுவிய தட்டங்களைத் தாங்கியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தட்டமும் பக்கத்தில் உள்ள ஒரு விளிம்பில் சும்மா இருக்கிறது. ஆணி இல்லை, பசை இல்லை. பாரம் விளிம்பு வழியாக நேரே நிலத்துக்குப் போகிறது. கையில் தட்டத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். சமையல்காரன் என்னை ஏசினான், அது காதில் விழவில்லை.

கவனமாகக் கேளுங்கள். காலை ஒரே மரத்தில் ஏன் செய்ய வேண்டும்? இரண்டு பலகைகளை ஒட்டிச் செய்வோம். வெளிப்பலகை முழு நீளம். உட்பலகையைத் துண்டுகளாக அறுத்து ஒட்டுவோம், சட்டம் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு இடைவெளி விட்டு. சட்டத்தின் நுனி அந்த இடைவெளிக்குள் போய்க் கீழ்த்துண்டின் தலையில் இருக்கும். வெட்டாமலே பொளி வந்துவிட்டது! சட்டம் கழன்று வராமல் இருக்க ஒரே ஒரு திருகாணியும் அதை இறுக்கும் சுரையும். உங்கள் தபால்காரனுக்கு ரம்பமும் துளைக்கருவியும் போதும். கழற்றிப் பூட்டவும் முடியும். எங்கள் ரூ பிலிப்-து-ஜிரார் வீட்டுப் படிக்கட்டில் எந்தக் கட்டிலும் முழுதாக ஏறாது, இது ஏறும்.

நேற்று நிலவறையில் சோதித்தோம். அதே மூட்டை, அதே உயரம். முப்பத்தொன்று தாண்டியது. நூறு தாண்டியது. இருநூறாவது தடவை அரிசி மூட்டைதான் கிழிந்தது. மகாலிங்கம் அண்ணை அரிசிக்குள் முழங்கால் புதைய நின்று கை தட்டினார்.

படம் இத்துடன் இருக்கிறது.

உங்கள்,
சிறி


தூலூஸ்,
8 ஜனவரி 1986

தம்பி,

புது வருட வாழ்த்துகள். சேதி பெரியது, உட்கார்ந்து படி.

உன் படத்தைப் பார்த்ததும் நான் எழுந்து சமையலறையைச் சுற்றி நடந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு வராதது. அதே நாளில் ஒரு கால் செய்து பார்த்தேன், என் எண்பத்திரண்டு கிலோவும் குதித்துக் களைத்ததுதான் மிச்சம்.

தொலைக்காட்சிக்கு எழுதினேன். அச்சடித்த அட்டை வந்தது: உங்கள் அன்புக்கு நன்றி, தொடர்ந்து பாருங்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. மறுபடி எழுதினேன். இந்தத் தடவை நீ அனுப்பிய பிளந்த காலையே பெட்டியில் போட்டு, மெசியே லமோத் தாமே பிரிக்க வேண்டும் என்று மேலே எழுதி அனுப்பினேன்.

நேற்று லிசேக்குத் தொலைபேசி வந்தது. லமோத்தே பேசினார். முதலில் குரல் விறைப்பாகத்தான் இருந்தது. "மரத்தில் குறை இருந்திருக்கலாம்" என்றார். "மெசியே, இரண்டு ஊரில் இரண்டு மரம் ஒரே இடத்தில் பிளந்திருக்கிறது" என்றேன். பிறகு, "இதைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டார். உன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

25ஆம் தேதி படப்பிடிப்பு. இரண்டு கட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிக்கப் போகிறார்கள். நீ வர வேண்டுமாம். என்னால் வர முடியாது, பிப்ரவரிக்குள் எட்டையும் முடிக்க வேண்டும். மொழி தெரியாது என்று பின்வாங்காதே. வெட்கப்படுகிற நேரம் இல்லை இது.

லூசியன்


பாரிஸ்,
27 ஜனவரி 1986

அன்புள்ள அண்ணை,

போனேன்.

முந்தின நாள் முழுக்க, வரமாட்டேன் என்று சொல்லத்தான் யோசித்தேன். கௌரி அக்கா மகாலிங்கம் அண்ணையின் கோட்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டுவிட்டு, "உடுத்துக்கொண்டு போம்" என்றார். அவ்வளவுதான்.

பெரிய கூடம், கண் கூசும் விளக்குகள். லமோத் கை கொடுத்தார். கை சொரசொரப்பாக இருந்தது, அதில் எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவருடைய கட்டிலை அவரே புதிதாகச் செய்து வைத்திருந்தார், நல்ல மரத்தில், மிகக் கவனமாக. என் கட்டிலை நான் கழற்றித் துண்டுகளாகக் கொண்டுபோய் அவர்கள் முன்னாலேயே பூட்டினேன். இருபது நிமிடம். ஒளிப்பதிவாளர் வந்து குனிந்து பார்த்தார்.

மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டி ஒரே உயரத்தில் இருந்து விழுத்த ஒரு கருவி வைத்திருந்தார்கள். என் கட்டிலுக்கு முதலில். ஐம்பது தடவை. ஒன்றுமில்லை. பிறகு அவருடையதுக்கு. பத்து, பதினைந்து. இருபத்திரண்டில் ஒரு சத்தம் கேட்டது, எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் ஓடிப்போய்க் காலில் விரல் வைத்து, தெரிந்த பிரெஞ்சில், "மெசியே, இங்கே முறியும்" என்றேன். லமோத் குனிந்து பார்த்தார். "ஒன்றும் தெரியவில்லையே" என்றார். "மெசியே, இங்கே" என்றேன். என்னை விலகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்கள். இருபத்தாறில் பிளந்தது, அண்ணை. நான் விரல் வைத்த அதே இடத்தில்!

லமோத் முழந்தாளிட்டு அந்தப் பிளவைத் தடவிப் பார்த்தார். பின்பு என் கட்டிலைக் கழற்றச் சொல்லி, சட்டத்தைத் தாமே தூக்கி அந்த இடைவெளியில் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். சிரிக்கத் தொடங்கினார். ஒளிப்பதிவுக் கருவியைப் பார்த்து என்னவோ நீளமாகச் சொன்னார், எனக்குப் பாதிதான் விளங்கியது. "நான் பிழைவிட்டேன்" என்றதும் "இவர்கள் திருத்தினார்கள்" என்றதும் விளங்கியது. இவர்கள் என்றுதான் சொன்னார். உங்கள் பெயரைச் சொல்லும்படி நானே கேட்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து கோட்டைப் போடும்போது, எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். உணவகத்தில் தட்டுக் கழுவுகிறேன் என்றேன். தாம் கேட்டது எனக்கு விளங்கவில்லையோ என்று அவர் இன்னொரு தரம் கேட்டார். கையால் கழுவிக் காட்டினேன். அவர் முகம் மாறியது. பட்டறை விலாசத்தை எழுதித் தந்து, வேலை செய்ய அனுமதி உள்ள அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்படியென்றால் அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வாருங்கள், உங்களுக்கு ஒரு வேலை மேசை இருக்கிறது" என்றார்.

வரும் திங்கள், 3ஆம் திகதி. உணவகத்தில் இன்று சொல்லிவிட்டேன்.

லா ஷப்பேலில் மெத்ரோவை விட்டு இறங்கியும் வீட்டுக்குப் போக மனமில்லை. அந்தத் தெருக்களை இரண்டு தரம் சுற்றினேன்.

சிறி


தூலூஸ்,
19 பிப்ரவரி 1986

அன்புத் தம்பி,

9ஆம் தேதி நிகழ்ச்சியை எங்கள் வீட்டில் பதினொரு பேர் பார்த்தோம். பங்குத் தந்தையும் பூசையைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டு வந்துவிட்டார். நீ காலில் விரல் வைக்கிறாய், அங்கேயே பிளக்கிறது. செசில் எழுந்து நின்று கத்தினாள். "பழைய வரைபடம் வைத்திருப்பவர்கள் இப்போதே கிழித்துப் போடுங்கள், புதியதை இலவசமாக அனுப்புகிறோம்" என்று லமோத் சொன்னபோது, என்னிடம் இருந்ததை நான் அந்த இடத்திலேயே கிழித்தேன். புதியது நேற்று வந்தது. அடியில் நம் இரண்டு பேர் பெயரும் அச்சில் இருக்கிறது. உன் பெயரில் ஒரு எழுத்து குறைகிறது. திருத்தச் சொல்லி எழுதிவிட்டேன், விடமாட்டேன்.

பட்டறையில் முதல் வாரம் கதவுகள் இழைத்தாய் என்று மகாலிங்கம் தொலைபேசியில் சொன்னார். ராத்திரி வந்ததும் கையை முகர்ந்து பார்த்துச் சிரிக்கிறாயாமே!

எட்டுக் கட்டிலையும் வெள்ளிக்கிழமை மலைக்குக் கொண்டுபோனோம். எல்லாம் உன் மூட்டு. லாரியிலிருந்து துண்டுகளாக இறக்கி, மாலைக்குள் பூட்டி முடித்தேன். சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எழுத எனக்குச் சக்தி இல்லை. தலையணை ஒன்று ஜன்னல் வழியாகப் பனியில் போய் விழுந்தது. பங்குத் தந்தை என் முகத்தைப் பார்த்தார். "விடுங்கள் ஃபாதர், தாங்கும்" என்றேன்.

ஞாயிறு விடிந்ததும் நான் மட்டும் எழுந்து அந்த அறைக்குப் போனேன். பதினாறும் தூங்கிக்கொண்டிருந்தன, ஒன்று தலைகீழாக, ஒன்று பாதி வெளியே. ஒவ்வொரு காலாகக் கை வைத்துப் பார்த்தேன். எட்டுக் கட்டில், முப்பத்திரண்டு கால். மூட்டுகளில் நகத்தை நுழைத்துப் பார்த்தேன், தம்பி. மயிரிழை அளவுகூட ஒன்றும் விலகவில்லை.

உன் அண்ணன்,
லூசியன்